ஆத்துத் தண்ணி அல்வாவும் இரண்டு காரணி அனோவாவும்

திருநெல்வேலிப் பக்கம் எந்த அல்வாக்கடை அண்ணாச்சியைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "எல்லாம் தாமிரபரணித் தண்ணி வே!" சம்பா கோதுமையும் சீனியும் நெய்யும் எந்த ஊரிலும் கிடைக்கும், இந்தத் தண்ணி கிடைக்காது என்பது அவர் கட்சி. அதை இரண்டு காரணி அனோவாவால் (சராசரிகளின் வேறுபாடு வெறும் தற்செயலா என்று பார்க்கும் கணக்கு) சோதித்துப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

தண்ணீர் 2 வகை: ஆத்துத் தண்ணி, போர் தண்ணி. அல்வாவின் வயது 3 வகை: அன்று கிண்டியது, 3 நாள் ஆனது, 7 நாள் ஆனது. மொத்தம் 6 தட்டு. 12 பேர் வருகிறார்கள். ஒவ்வொருவரும் 6 தட்டையும் ருசித்து 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுகிறார்கள். தண்ணீர், வயது என்ற இரண்டு காரணிகளும் ஒரே ஆளுக்குள்ளேயே மாறுகின்றன. இதுதான் ரிப்பீட்டட் மெஷர்ஸ்.

முதலில், நான் செய்த தப்பு. படிக்கிற காலத்தில் இப்படி ஒரு தரவை 72 தனித்தனி ஆட்கள் மாதிரி பாவித்து சாதாரண இரண்டு காரணி அனோவாவில் போட்டேன். பிழைக்கான (காரணிகளால் விளக்க முடியாத சிதறலுக்கான) டிகிரி ஆஃப் ஃப்ரீடம், அதாவது சுதந்திரமாக மாறக்கூடிய தகவல்களின் எண்ணிக்கை, 66 என்று வந்தது. வந்தவர்கள் 12 பேர்தானே, 66 எங்கிருந்து வரும்? இனிப்பு என்றாலே 8 போடுகிறவரும் உண்டு, எதற்கும் 5-ஐத் தாண்டாதவரும் உண்டு. அந்த ஆள்குணத்தைக் கழிக்காவிட்டால் கணக்கே நமக்கு அல்வா கொடுத்துவிடும்.

தட்டு வைக்கும் வரிசை. எல்லோருக்கும் ஒரே வரிசையில் கொடுத்தால் கடைசித் தட்டு திகட்டும். 6 தட்டுக்கு 6 வரிசை எழுதி, ஒவ்வொரு தட்டும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு முறை வரும்படி அமைத்து, வரிசைக்கு 2 பேராகப் பிரியுங்கள். இடையில் வாய் கொப்பளிக்க வெந்நீர்.

கையால் ஒரு கணக்கு. மென்பொருளைத் திறக்கும் முன் இதைச் செய்யுங்கள். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. 4 பேரை மட்டும் எடுப்போம். ஒவ்வொருவருக்கும் ஆத்துத் தண்ணி சராசரியிலிருந்து போர் தண்ணி சராசரியைக் கழித்தால் 1, 2, 0, 1 வருகிறது. இவற்றின் சராசரி 1. திட்டவிலக்கம் 0.816. அதை 4-இன் வர்க்கமூலமான 2-ஆல் வகுத்தால் 0.408. 1-ஐ 0.408-ஆல் வகுத்தால் டி மதிப்பு (வித்தியாசம் அதன் தடுமாற்றத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது) 2.45. இதை வர்க்கப்படுத்தினால் 6. தண்ணீருக்கு மென்பொருள் காட்டும் எஃப் மதிப்பும் (அனோவா தரும் விகிதம், பெரிதாக வந்தால் தற்செயல் என்று சொல்வது கடினம்) இதே 6-தான். 1, 3 டிகிரிக்கு 5 சதவீத எல்லை 10.13, ஆகவே அதை எட்டவில்லை. 4 பேர் போதாது என்பதும் தெரிகிறது.

இடைவினைக்கும், அதாவது தண்ணீரின் விளைவு வயதைப் பொறுத்து மாறுகிறதா என்பதற்கும், இதே வழி. சராசரி மதிப்பெண்கள் ஆத்துத் தண்ணிக்கு 8, 7, 6. போர் தண்ணிக்கு 8, 6, 4 என்று இருக்கட்டும். வித்தியாசம் 0, 1, 2. அன்றைக்கு இல்லாத வேறுபாடு நாளாக ஆக விரிகிறது. ஒவ்வொருவருக்கும் இந்த 3 வித்தியாசங்களை எழுதி, ஒரு காரணி ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவா போட்டால் வருவதே இடைவினையின் எஃப்.

ஜமோவியில். இலவச மென்பொருள். ஆளுக்கு ஒரு வரி, தட்டுக்கு ஒரு பத்தி என 12 வரி, 6 பத்தி. அனோவா மெனுவில் ரிப்பீட்டட் மெஷர்ஸைத் தேர்ந்து, இரண்டு காரணிகளுக்கும் பெயர் கொடுத்து, 6 கட்டங்களில் 6 பத்திகளை இழுத்து விடுங்கள். எந்தப் பத்தி எந்தக் கட்டத்தில் என்று இரண்டு முறை பாருங்கள், பெரும்பாலான குளறுபடி இங்கேதான். தண்ணீருக்கு 1, 11. வயதுக்கு 2, 22. இடைவினைக்கு 2, 22 என்று டிகிரிகள் வர வேண்டும். மூன்றுக்கும் தனித்தனிப் பிழை உண்டு.

ஸ்ஃபெரிசிட்டி. அன்று–3 நாள், 3–7, அன்று–7 ஆகிய வித்தியாசங்களின் பரவல் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. தண்ணீர் இரண்டே வகை என்பதால் அதற்கு இந்தக் கேள்வி எழாது. 12 பேரை வைத்து, இந்த நிபந்தனையைச் சோதிக்கும் மௌக்லி சோதனையை நம்புவதில் எனக்கு விருப்பமில்லை. டிகிரிகளை எப்சிலான் என்ற எண்ணால் பெருக்கிக் குறைக்கும் கிரீன்ஹவுஸ்–கைசர் திருத்தத்தை எப்போதும் போட்டுவிடுவேன். எப்சிலான் 0.7 என்றால் 2, 22 என்பது 1.4, 15.4 ஆகிறது.

ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. இந்தக் கணக்குக்கு ஆட்களைத் தெரியும், சட்டியைத் தெரியாது. வகைக்கு ஒரே சட்டி கிண்டினால், ருசி தண்ணியால் வந்ததா அந்தச் சட்டியில் பதம் அமைந்ததால் வந்ததா என்று எந்த எஃப்பும் சொல்லாது. வகைக்கு மூன்று நான்கு சட்டியாவது கிண்டி, யாருக்கு எந்தச் சட்டி என்று சீட்டுப் போடுங்கள். சட்டியையும் கணக்கில் சேர்க்க வேண்டுமென்றால், ஆள், சட்டி இரண்டின் சிதறலையும் ஒன்றாகக் கணக்கிடும் கலப்பு மாதிரிக்கு (மிக்ஸ்டு மாடல்) போக வேண்டும்.

முடிவை எழுதும்போது. இடைவினை பொருளுடையதாக (5 சதவீத எல்லையைத் தாண்டி) வந்தால் "ஆத்துத் தண்ணியே மேல்" என்று ஒற்றை வரியில் எழுதாதீர்கள். 3 வயதுக்கும் தனித்தனியே ஜோடி டி சோதனை செய்து, ஹோம் முறையில் திருத்துங்கள்: மிகச் சிறிய பி மதிப்பை (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவோ இதைவிடப் பெரிதாகவோ வித்தியாசம் வரும் வாய்ப்பு) 3-ஆலும் அடுத்ததை 2-ஆலும் பெருக்கி, கடைசியை அப்படியே விட்டு, முந்தியதைவிடச் சிறிதாக வந்தால் முந்தியதையே எழுதுங்கள். அண்ணாச்சியிடம் அப்போது சொல்லலாம்: சுடச்சுட இலையில் வாங்கித் தின்றால் வித்தியாசம் தெரியவில்லை, வெளியூருக்குக் கட்டிக்கொண்டு போனால்தான் தெரிகிறது என்று. அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.