சம்பள இடைவெளி எங்கே விழுகிறது? உங்கள் நிறுவனத்தில் நீங்களே பார்ப்பது எப்படி

ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம்பளத்தில் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று பேச்சு எழுந்தாலே இரண்டு கட்சி பிரிந்துவிடும். ஒரே வேலைக்குக் குறைச்சலாகத்தான் கொடுக்கிறார்கள், அப்பட்டமான பாரபட்சம் என்பது ஒரு கட்சி. அதெல்லாம் இல்லை, பெண்கள் எடுத்துக்கொள்கிற வேலை வேறு, பார்க்கிற நேரம் வேறு என்பது இன்னொரு கட்சி. இரண்டு பேர் கையிலும் இருப்பது வெவ்வேறு எண் என்பதால் விடிய விடியப் பேசினாலும் முடிவுக்கு வராது. நான் பார்த்தவரை காரணங்கள் ஐந்தாறு இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒருவரின் வேலை வாழ்க்கையில் வெவ்வேறு கட்டத்தில் பணத்தைக் குறைக்கிறது, எந்தக் கட்டத்தில் குறைகிறது என்று தெரியாமல் சரிசெய்யக் கிளம்பினால் தவறான இடத்தில்தான் கை வைப்போம். நீங்கள் ஹெச்ஆரில் இருந்தாலும் சரி, தொழிற்சங்கத்தில் இருந்தாலும் சரி, இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் மொத்தக் கணக்கு

எல்லா ஆண்களின் சராசரிச் சம்பளத்தையும் எல்லாப் பெண்களின் சராசரிச் சம்பளத்தையும் எடுத்து, வித்தியாசத்தை ஆண்களின் சராசரியால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். செய்திகளில் வருகிற சதவீதம் இதுதான். மாதச் சம்பளத்தை வைத்துப் போடாதீர்கள், மணிக்கு எவ்வளவு என்று மாற்றிப் போடுங்கள், இல்லாவிட்டால் பகுதிநேர ஊழியர்களின் குறைந்த நேரமும் குறைந்த கூலியும் ஒன்றாகக் கலந்துவிடும், அப்புறம் பிரித்தெடுப்பது பெரும்பாடு. சராசரியோடு இடைநிலையையும் எடுங்கள், அதாவது எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது. பிரிட்டனில் 250 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கிற நிறுவனங்கள் இந்த இரண்டு எண்ணையும் வெளியிட வேண்டும் என்று 2017 முதல் விதியே இருக்கிறது.

ஏன் இரண்டும் வேண்டும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு நிறுவனத்தில் 20 பேர். மேல் கிரேடில் 10 பேர், ஆளுக்கு மணிக்கு 100. அதில் 8 ஆண்கள், 2 பெண்கள். கீழ் கிரேடில் 10 பேர், ஆளுக்கு மணிக்கு 60; அதில் 2 ஆண்கள், 8 பெண்கள். ஆண்களின் சராசரி 92, பெண்களின் சராசரி 68, இடைவெளி 26 சதவீதம். இடைநிலையை வைத்துப் பார்த்தால் ஆண்களுக்கு 100, பெண்களுக்கு 60, இடைவெளி 40 சதவீதம். ஆனால் எந்தக் கிரேடுக்குள்ளும் ஆணுக்கும் பெண்ணுக்கும் துளி வித்தியாசம் இல்லை! "நாங்கள் ஒரே வேலைக்கு ஒரே சம்பளம்தான் கொடுக்கிறோம்" என்று நிர்வாகம் சொன்னால் அது உண்மை. 26 சதவீதம் குறைவு என்று சங்கம் சொன்னால் அதுவும் உண்மை. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: மேலே ஏன் எட்டுக்கு இரண்டு? கீழ் கிரேடு வேலைக்கு 60 என்று யார், எதை வைத்து முடிவு செய்தார்கள்?

வேலைக்கு வைத்த விலை

இந்த இரண்டாவது கேள்வியைத்தான் பெரும்பாலானோர் கேட்காமலே கடந்துவிடுகிறார்கள், எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதும் அதுதான். 1968ல் கிழக்கு லண்டனில் உள்ள டாகன்ஹாமில் ஃபோர்டு தொழிற்சாலையில் கார் இருக்கை உறை தைத்த பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களின் வேலையைத் திறன் குறைந்த பிரிவில் போட்டிருந்தார்கள், அந்தப் பிரிவிலும் ஆண்களுக்குக் கொடுத்ததில் 85 சதவீதம்தான் அவர்களுக்கு. போராட்டத்துக்குப் பிறகு அது 92 சதவீதமாக ஏறியது, 1970ல் பிரிட்டனில் சம ஊதியச் சட்டம் வரவும் அது வழி செய்தது. ஆனால் எங்கள் வேலையைத் திறன் உள்ள வேலையாக மதியுங்கள் என்று அவர்கள் கேட்டது கிடைத்தது 1984ல், இன்னொரு வேலைநிறுத்தத்துக்குப் பிறகு. சதவீதத்தை ஏற்றுவதற்குச் சில வாரம் போதுமாக இருந்தது, வேலையின் மதிப்பைத் திருத்த 16 வருடம் ஆனது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1951லேயே தன் 100ஆவது உடன்படிக்கையில் சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்று எழுதி வைத்தது. ஒரே வேலை என்று சுருக்கவில்லை. அதை உங்கள் இடத்தில் சோதித்துப் பார்ப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. பெண்கள் அதிகம் இருக்கிற ஒரு வேலையையும் ஆண்கள் அதிகம் இருக்கிற ஒரு வேலையையும் பக்கத்தில் வைத்து, தேவைப்படும் திறன், பொறுப்பு, உழைப்பு, வேலைச் சூழல் என்ற நான்குக்கும் மதிப்பெண் போடுங்கள். பதவிப் பெயரை மறைத்துவிட்டுப் போடுங்கள், முடிந்தால் இரண்டு மூன்று பேர் தனித்தனியாகப் போடுங்கள். கிடங்கில் மூட்டை தூக்குவதை உழைப்பு என்று கணக்கில் எடுப்பவர்கள், படுக்கையில் கிடக்கும் நோயாளியை ஒரு நாளில் பலமுறை தூக்கி உட்கார வைப்பதை எடுப்பதே இல்லை, கோபத்தில் கத்துகிற வாடிக்கையாளரை நாள் முழுக்கச் சமாளிப்பதையும் எடுப்பதில்லை. மதிப்பெண் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து சம்பளம் மட்டும் தள்ளி நின்றால் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

பெண்கள்தானே குறைந்த கூலி வேலையைத் தேடிப் போகிறார்கள் என்று இங்கே ஒரு பதில் வரும். அமெரிக்காவின் 1950 முதல் 2000 வரையான மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தரவை வைத்துச் சமூகவியலாளர்கள் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒரு தொழிலில் பெண்கள் கூடக்கூட அந்தத் தொழிலின் கூலி இறங்கியது என்பதற்குத்தான் சான்று வலுவாக இருந்தது.

சேர்ந்த நாள் சம்பளம்

அடுத்து, ஒரே வருடத்தில் ஒரே கிரேடில் சேர்ந்தவர்களை மட்டும் தனியாக எடுத்து முதல் மாதச் சம்பளத்தைப் பாருங்கள். இன்க்ரிமென்ட் எல்லாம் சதவீதத்தில் போடுவதால் முதல் நாள் விழுந்த வித்தியாசம் வருடா வருடம் அதே விகிதத்தில் கூடவே வரும், ஆளுக்குக் கிடைக்கிற தொகையில் பார்த்தால் பெருகிக்கொண்டே போகும்.

இது எப்படி விழுகிறது? ஒன்று, "பழைய இடத்தில் எவ்வளவு வாங்கினீர்கள்" என்று கேட்டு அதற்கு மேல் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பது. பழைய இடத்தில் நடந்த அநியாயத்தைப் புது இடம் தெரியாமலே வாங்கி வைத்துக்கொள்கிறது. இன்னொன்று, ஆள் எடுப்பவரின் கண். 2012ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வில், ஆய்வக மேலாளர் வேலைக்கான ஒரே விண்ணப்பத்தை 127 அறிவியல் பேராசிரியர்களிடம் கொடுத்தார்கள், பாதிப் பேருக்கு ஆண் பெயரில், மீதிப் பேருக்குப் பெண் பெயரில். ஆணுக்குச் சராசரியாக 30,238 டாலர் கொடுக்கலாம் என்றார்கள், பெண்ணுக்கு 26,508. மதிப்பிட்டவர்களில் பெண் பேராசிரியர்களும் இதே மாதிரிதான் செய்தார்கள், எனவே தேர்வுக் குழுவில் ஒரு பெண்ணை உட்கார வைத்துவிட்டோம் என்று ஓய்ந்துவிட வேண்டாம்.

பேரம் பேசாததால்தான் குறைகிறது என்றும் சொல்வார்கள். பாதி சரி. வேலை விளம்பரங்களை வைத்து நடத்திய ஒரு சோதனையில், சம்பளம் பேசித் தீர்க்கலாம் என்று வெளிப்படையாகப் போடாதபோது ஆண்கள்தான் அதிகம் பேரம் பேசினார்கள், வெளிப்படையாகப் போட்டதும் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. துணிச்சலாகக் கேளுங்கள் என்று பெண்களுக்கு வகுப்பு எடுப்பதைவிட விளம்பரத்தில் ஒரு வரி சேர்ப்பது எளிது. ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் கொண்டுவந்த ஊதிய வெளிப்படைத்தன்மை உத்தரவு இன்னும் ஒரு படி போகிறது: சம்பள வரம்பை விண்ணப்பதாரருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது.

நேரம், ஓவர்டைம், ஷிப்ட்

அடிப்படைச் சம்பளம் ஒன்றாக இருந்தும் கையில் வாங்குவது வேறாக இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரப் பொதுப் போக்குவரத்து நிறுவனத்தில் பஸ், ரயில் ஓட்டுநர்கள் எல்லாரும் ஒரே சங்கம், ஒரே கூலி விகிதம், பதவி உயர்வெல்லாம் சீனியாரிட்டிப்படி. பாரபட்சம் நுழைய இடமே இல்லை என்று தோன்றும். அங்கேயும் ஆண்கள் 1 டாலர் வாங்கினால் பெண்கள் 89 சென்ட்தான் வாங்கினார்கள். ஆண்கள் 83 சதவீதம் அதிக ஓவர்டைம் பார்த்ததும், பெண்கள் சம்பளமில்லா விடுப்பு கூடுதலாக எடுத்ததும்தான் காரணம். ஆனால் கவனியுங்கள், பல வாரங்களுக்கு முன்பே திட்டமிட்ட ஓவர்டைமில் ஆண் பெண் வித்தியாசம் மிகச் சிறியது, கடைசி நேரத்தில் வா என்று கூப்பிட்ட ஓவர்டைமில்தான் பெரிய பள்ளம். திடீரென்று கூப்பிட்டால் வீட்டில் குழந்தையை யாரிடம் விடுவது என்ற கேள்வி யாருக்கு இருக்கிறதோ அவர்தான் மறுக்கிறார்.

எனவே ஓவர்டைம் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள், முன்கூட்டியே சொன்னது, கடைசி நேரத்தில் வந்தது. அதில் யார் எவ்வளவு என்று பாருங்கள். இந்த ஒரு அட்டவணை போதும், ஷிப்ட் போடும் முறையை மாற்றச் சொல்லி நிர்வாகத்திடம் பேச.

குழந்தை பிறந்த பிறகு

பணக்கார நாடுகளில் இன்று மிச்சமிருக்கிற இடைவெளியில் பெரும்பங்கு இங்கேதான். டென்மார்க்கில் அரசுப் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வில், முதல் குழந்தை வரைக்கும் ஆண் பெண் வருமானம் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஏறியது, குழந்தைக்குப் பிறகு பெண்ணின் வருமானம் கீழே விழுந்து, நீண்ட காலத்துக்குப் பிறகும் சுமார் 20 சதவீதம் குறைவாகவே நின்றது. ஆணின் கோடு அசையவே இல்லை.

நீங்களும் அதே படத்தை வரையலாம். பெற்றோர் ஆனவர்கள் ஒவ்வொருவருக்கும், முதல் குழந்தைக்கு இரண்டு வருடம் முன்பிருந்து ஐந்து வருடம் பின்வரை சம்பளம், கிரேடு, வேலை நேரம் மூன்றையும் வரிசையாக எழுதுங்கள். ஆண்களுக்கும் எழுதுங்கள், அவர்களை விட்டுவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது. மகப்பேறு விடுப்பு எடுத்த வருடத்தில் இன்க்ரிமென்ட் விட்டுப்போனதா, விட்டுப்போனது அடுத்த வருடம் சரிசெய்யப்பட்டதா, திரும்பி வந்தபோது அதே பொறுப்பு கிடைத்ததா என்று தேதியோடு பாருங்கள்.

இதில் அம்மாவின் சொந்த முடிவு எவ்வளவு, மற்றவர்களின் எண்ணம் எவ்வளவு என்ற கேள்வி வரும். 2007ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தகுதி சமமான விண்ணப்பங்களில் ஒன்றில் மட்டும் அம்மா என்று தெரிகிற ஒரு குறிப்பைச் சேர்த்தபோது, அவருக்குக் குறைந்த ஆரம்பச் சம்பளம் பரிந்துரைத்தார்கள், வேலையில் அவருக்கு ஈடுபாடு குறைவு என்றும் நினைத்தார்கள். அப்பா என்று தெரிந்த ஆணுக்கு அப்படி எந்த இறக்கமும் இல்லை. அந்தப் பெண் இன்னும் ஒரு முடிவும் எடுக்கவில்லை, அதற்குள் அவருக்காக மற்றவர்கள் எடுத்துவிட்டார்கள்.

வேலையை அமைத்திருக்கும் விதமும் சேர்ந்துகொள்கிறது. 2023ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் இதைத்தான் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்: எந்த நேரமும் கிடைக்கிற ஆளுக்கு மணிக்கணக்கைத் தாண்டி அதிகம் கொடுக்கிற தொழில்களில் இடைவெளி பெரிது. மருந்தாளுநர் வேலையில் அது சிறிது. நோயாளியின் விவரம் கணினியில் இருப்பதால் ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடரலாம், குறைந்த நேரம் பார்ப்பவருக்கு மணிக்கான கூலி பெரிதாகக் குறைவதில்லை. உங்கள் இடத்தில் ஒருவர் மட்டுமே கையாள்கிற வாடிக்கையாளர்கள், ஒருவர் தலைக்குள் மட்டுமே இருக்கிற கோப்புகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

பதவி உயர்வைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கிரேடிலிருந்து அடுத்ததற்குப் போக ஆணுக்கு எத்தனை வருடம், பெண்ணுக்கு எத்தனை வருடம் என்று பாருங்கள். அப்ரைசலில் செய்த வேலைக்கான மதிப்பெண்ணையும் வருங்காலத் திறனுக்கான மதிப்பெண்ணையும் தனித்தனியாகப் பாருங்கள். முதலாவதில் முன்னால் நிற்கிற பெண்கள் இரண்டாவதில் பின்தங்கினால், அந்த இரண்டாவது மதிப்பெண் எதை அளக்கிறது என்று எழுதிக் கேளுங்கள்.

மிச்சம் எவ்வளவு, அதை எப்படிப் படிப்பது

எல்லாக் காரணத்தையும் கழித்த பிறகும் ஒரு மிச்சம் நிற்கும். அமெரிக்காவில் 2010 தரவுப்படி மணிநேரக் கூலியில் மொத்த இடைவெளி சுமார் 21 சதவீதம். படிப்பு, அனுபவம், தொழில், துறை எல்லாவற்றையும் ஒப்பிட்ட பிறகு நின்றது சுமார் 8 சதவீதம். அந்த 8 மட்டும்தான் பாரபட்சம், மீதி எல்லாம் நியாயம் என்று படிப்பதுதான் வழக்கமான தவறு. தொழில் வேறு, கிரேடு வேறு என்று கழித்த பகுதிக்குள்ளேதான் டாகன்ஹாம் தையல்காரர்களும், கடைசி நேர ஓவர்டைமும், தள்ளிப்போன பதவி உயர்வும் இருக்கின்றன. கிரேடு கொடுப்பதிலேயே பாரபட்சம் இருந்தால், ஒரே கிரேடில் இருப்பவர்களை மட்டும் ஒப்பிட்டுக் கணக்குப் போடும்போது அந்தப் பாரபட்சத்தையே அழித்துவிடுகிறோம். அதனால் கிரேடைக் கணக்கில் எடுத்து ஒரு முறை, எடுக்காமல் ஒரு முறை, இரண்டு கணக்கையும் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள்.

சரி, சம்பளப் பட்டியலே உங்கள் கைக்கு வராது என்றால்? பெயர்களைக் கேட்காதீர்கள், அளவுகோலைக் கேளுங்கள். என் கிரேடின் சம்பள வரம்பு எது முதல் எது வரை, அதில் நான் எங்கே இருக்கிறேன், எந்த அளவுகோல்படி அந்த இடம் முடிவானது, அடுத்த இடத்துக்கு என்ன வேண்டும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள், வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும். நம்பிக்கையான சக ஊழியர்களோடு சம்பளம் பேசலாம், ஆனால் அதற்கு உங்கள் நாட்டுச் சட்டம் என்ன பாதுகாப்பு தருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்தாறு பேர் மட்டுமே உள்ள பிரிவில் சராசரியைப் போட்டுக் காட்டாதீர்கள்; ஒரு ஆள் மாறினாலே எண் தலைகீழாகும், யார் எவ்வளவு வாங்குகிறார் என்பதும் வெளியே தெரிந்துவிடும். அந்த மாதிரிப் பிரிவுகளில் ஆளுக்கு ஆள் ஒப்பிட்டு, சேர்ந்த தேதி, கிரேடு, கடைசியாக இன்க்ரிமென்ட் கிடைத்த தேதி ஆகியவற்றை வைத்துப் பேசுங்கள். அடுத்த இன்க்ரிமென்ட் சுற்று முடிந்ததும் இதே அட்டவணைகளை அதே முறையில் மறுபடி போடுங்கள், நடுவில் கணக்கு முறையை மாற்றினால் ஏறியதா இறங்கியதா என்று சொல்ல முடியாமல் போய்விடும்.