புகழுக்கு முந்தைய பக்கங்கள்: முன்மாதிரியிடம் கற்பது எப்படி?

நூலகராக இருந்த காலத்தில் இளைஞர்கள் என்னிடம் அதிகம் கேட்டு வாங்கியவை வாழ்க்கை வரலாறுகள்தான். ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் ஒரு மாலை அவர்களோடு உட்கார்ந்து படிக்கிறேன். புத்தகத்தை முடித்தவர்களிடம் என்ன கிடைத்தது என்று கேட்டால், பெரும்பாலும் "கடுமையாக உழைத்திருக்கிறார்" என்ற பதில்தான் வரும். உண்மைதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு நாளை காலை என்ன செய்வது? அந்த மனிதர் யாரிடம், எதை, எப்படிக் கற்றார், கற்றதை வைத்து அடுத்து என்ன செய்தார் என்று பார்க்கப் பழகினால்தான் ஒரு வாழ்க்கை நமக்குப் பாடமாகும். நான் பழக்கும் முறையை இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை, ஆளைத் தேர்ந்தெடுப்பது. புகழைத் தள்ளி வைத்துவிட்டு அவருடைய அன்றாட வேலையைப் பாருங்கள். காலையிலிருந்து இரவுவரை அவர் எதில் மூழ்கியிருந்தார்? சுவடிகளை ஒப்பிட்டாரா, நோயாளிகளைப் பார்த்தாரா, ஆய்வுக்கூடத்தில் கம்பி சுற்றினாரா? அந்த வேலையைச் செய்து பார்க்க உங்களுக்குக் கை துறுதுறுத்தால் அவர் உங்களுக்குரியவர். மேடையும் விருதும் மட்டுமே மனத்தில் நின்றால் வேறொருவரைத் தேடுங்கள். இளமைக் காலத்துக்குச் சான்று உள்ளவராகவும் அவர் இருக்க வேண்டும்: கடிதம், நாட்குறிப்பு, தன்வரலாறு, உடனிருந்தவர்கள் எழுதியவை என ஏதாவது ஒன்று. வெறும் பொன்மொழிகளாகவே கிடைக்கும் ஒருவரிடம் கற்க வழியில்லை.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு கட்டங்கள் போடுங்கள். வயது, கற்பித்தவர் (ஆளோ நூலோ), கற்றது, கற்றதை வைத்துச் செய்தது. அவருடைய பெயர் உலகுக்குத் தெரியவரும் பக்கத்தை எட்டியதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு முந்தைய பக்கங்களை இரண்டாம் முறையும் படியுங்கள்.

மைக்கேல் ஃபாரடேயை எடுத்துக்கொள்வோம். மின்காந்தத் தூண்டலை 1831இல் கண்டறிந்தவர் என்று பள்ளியில் படித்திருப்போம். என் நோட்டில் அந்த ஆண்டு இடம்பெறவில்லை. 14 வயதில் புத்தகங்கள் பைண்டு செய்யும் கடை ஒன்றில் தொழில் பழகச் சேர்கிறார். பைண்டு செய்ய வந்த கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையைப் படிக்கிறார். வேதியியலை உரையாடல் வடிவில் விளக்கி ஜேன் மார்செட் எழுதிய நூலைப் படிக்கிறார். படித்ததைக் கையிலிருந்த சில்லறைக் காசுக்குள் சோதனை செய்தும் பார்க்கிறார். நான்காவது கட்டத்தில் எழுத வேண்டியது இதைத்தான். ஒரு ஷில்லிங் கட்டணத்தில் நடந்த அறிவியல் சொற்பொழிவுகளுக்கு அண்ணன் பணம் தருகிறார். குறிப்புகளில் கருவிகளின் படங்களைச் சரியாகப் போட வேண்டுமே என்பதற்காக, அதே வீட்டில் குடியிருந்த ஓவியர் ஒருவரிடம் வரையக் கற்கிறார். பதிலுக்கு அவருடைய அறையைத் தூசு தட்டி, காலணிகளுக்கு மெருகு போடுகிறார். 1812இல் லண்டனின் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி ஆற்றிய உரைகளுக்குக் கடை வாடிக்கையாளர் ஒருவர் டிக்கெட் கொடுக்க, நான்கு உரைகளைக் கேட்கிறார். கேட்கும்போது குறித்துக்கொண்டதை வீட்டில் விரிவாக, படங்களோடு எழுதுகிறார். தன் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பிவைக்கிறார். 1813 மார்ச்சில் அங்கேயே உதவியாளர் ஆகிறார்.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். கடையில் பழகிய பைண்டிங், ஓவியரிடம் கற்ற கோடு, அண்ணன் கொடுத்த ஷில்லிங் எல்லாம் அந்த ஒரு தொகுதியில் வந்து சேர்ந்திருக்கின்றன. இவற்றில் எதுவும் டேவியை மனத்தில் வைத்துத் தொடங்கியதல்ல. கல்வி என்று பள்ளிக்கூடத்தை மட்டும் கணக்கில் வைத்திருந்தால் இந்த வாழ்க்கையில் பாதி உங்கள் கண்ணில் படாமலே போயிருக்கும்.

நோட்டு ஓரளவு நிரம்பியதும் ஒரு படி மேலே ஏறுங்கள். உங்கள் முன்மாதிரிக்குக் கற்பித்தவர் யாரிடம் கற்றார்? பார்வையும் செவிப்புலனும் இழந்த ஹெலன் கெல்லரைப் படிப்பவர்கள் அவருடைய ஆசிரியை ஆன் சல்லிவனோடு நின்றுவிடுகிறார்கள். சல்லிவன் தாமே பார்வைக் குறைபாட்டோடு பார்வையற்றோருக்கான பெர்கின்ஸ் பள்ளியில் படித்து 1886இல் தேறியவர். பார்வையும் செவிப்புலனும் இல்லாத லாரா பிரிட்ஜ்மன் அங்கே வாழ்ந்துவந்தார். அவரோடு பேச உதவிய, உள்ளங்கையில் விரல்களால் காட்டும் எழுத்துகளைச் சல்லிவனும் கற்றுக்கொண்டார். லாராவுக்கு மொழி கிடைக்க வழிசெய்தவர் அப்பள்ளியை நடத்திய சாமுவேல் கிரிட்லி ஹோவ். 1887 மார்ச்சில் ஆறு வயது ஹெலனிடம் போய்ச் சேர்வதற்கு முன், ஹோவ் எழுதிவைத்த அறிக்கைகளைச் சல்லிவன் படித்துத் தயாரானார். ஆனால் ஹெலனோடு பழகிய சில வாரங்களிலேயே, நேரம் குறித்துப் பாடம் நடத்துவதைக் கைவிட்டார். பேச்சு வராத குழந்தையிடமும் பெரியவர்கள் ஓயாமல் பேசத்தானே செய்கிறார்கள் என்று நினைத்து, ஹெலனின் உள்ளங்கையில் முழு வாக்கியங்களாகவே எழுத்துக் கூட்டத் தொடங்கினார். மாணவர் ஆசிரியரின் வழியிலிருந்து விலகும் இப்படிப்பட்ட இடங்களைச் சிவப்பு மையில் குறியுங்கள். அந்த மனிதரின் சொந்தச் சிந்தனை அங்கேதான் தொடங்குகிறது.

வாழ்க்கையின் நோக்கம் இன்னும் பிடிபடவில்லையே என்று கலங்குபவர்களுக்கு நான் உ.வே.சாமிநாதையரைக் காட்டுவேன். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறையும்வரை அவரிடம் பாடம் கேட்டவர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று ஏராளமாகப் படித்திருந்தார். 1880 அக்டோபரில், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தபோது, முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். படித்த நூல்களையெல்லாம் சொன்னார். முதலியாருக்கு நிறைவில்லை. சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. அப்போது சாமிநாதையருக்கு வயது 25. முதலியாரிடமிருந்தே சிந்தாமணிப் பிரதியைப் பெற்றுப் படிக்கத் தொடங்கினார். சமண மரபு விளங்காத இடங்களில் சமணர்களைத் தேடிப் போய்க் கேட்டார், ஏடுகளை ஒப்பிட்டார். 1887இல் சிந்தாமணி அச்சாகி வந்தது. 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை.

ஆற்றலைக் கொடுத்தவர் ஒருவர், கேள்வியைக் கொடுத்தவர் இன்னொருவர். பிள்ளையவர்களிடம் பெற்ற பயிற்சி இல்லாவிட்டால் முதலியாரின் கேள்வி காற்றோடு போயிருக்கும். ஆகவே நோக்கம் தெளிவாகட்டும், பிறகு படிக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். நோட்டின் கடைசிப் பக்கங்களை, பிறர் கேட்டு உங்களால் பதில் சொல்ல முடியாத கேள்விகளுக்கென ஒதுக்குங்கள். சில மாதங்கள் கழித்துப் புரட்டும்போது எந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறதோ அதைப் பின்தொடருங்கள்.

முன்மாதிரியின் குறைகளையும் மறைக்காமல் எழுதுங்கள். ஃபாரடேயை வளர்த்த அதே டேவி, 1824இல் அவர் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியில் உறுப்பினராவதை எதிர்த்தார். ஃபாரடே உறுப்பினரானார், டேவியிடம் கற்ற சோதனைக் கலையையும் விடவில்லை. பின்னாளில் இளைஞர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை 19 முறை அவரே நடத்தினார். மனிதரின் குணத்தையும் அவரிடம் கற்ற வித்தையையும் தனித்தனியாகப் பார்க்கும் பக்குவம் இளம் வயதிலேயே வந்துவிட்டால் மிக நல்லது.

இனி உங்கள் வாழ்க்கைக்கு வருவோம். நோட்டிலிருந்து ஒரே ஒரு பழக்கத்தை எடுத்து மூன்று மாதம் கடைப்பிடியுங்கள். என்னோடு படித்த மாணவி ஒருத்தி ஃபாரடேயின் குறிப்பெடுக்கும் முறையை எடுத்துக்கொண்டாள். இடப்பக்கத்தில் வகுப்பில் கிறுக்கிய சொற்கள். வலப்பக்கத்தில் அன்று மாலையே நினைவிலிருந்து எழுதிய முழு விளக்கம். இரண்டு கருத்துகளை இணைக்கும் வாக்கியம் வராத இடத்தில் ஒரு வரியை வெறுமையாக விட்டிருந்தாள். மறுநாள் ஆசிரியரிடம் அந்த வெற்று வரியைத்தான் காட்டிக் கேட்பாள். ஆசிரியரும் அவளுக்காக நேரம் ஒதுக்கத் தொடங்கினார்.

கடைசியாக, உயிரோடிருக்கும் ஓர் ஆசிரியரைத் தேடுங்கள். உங்களுக்குப் பிடித்த துறையில் உழைக்கும் ஒருவருக்குக் கடிதம் எழுதுங்கள். ஃபாரடே முதலில் ராயல் சொசைட்டியின் தலைவருக்கு எழுதினார், பதில் கிடைக்கவில்லை. இராமானுஜன் 1913 ஜனவரியில் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதும்முன் கேம்பிரிட்ஜில் வேறு இருவரை நாடினார்; உதவி கிடைக்கவில்லை. டேவிக்குப் போன தொகுதியும் ஹார்டிக்குப் போன தேற்றங்களும் எழுதியவரின் உழைப்பைக் கண்முன் வைத்தன. உங்கள் கடிதமும் அப்படி இருக்கட்டும். பாராட்டை ஒரு வரியில் முடியுங்கள். நீங்கள் செய்த வேலையில் ஒரு பகுதியை இணையுங்கள். "எனக்கு வழிகாட்டுங்கள்" என்று பொதுவாகக் கேட்காமல், தடுக்கி நின்ற இடத்தைக் குறிப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு மாதம் பார்த்துவிட்டு அடுத்தவருக்கு எழுதுங்கள். அந்த ஒரு மாதத்தில் செய்த வேலையையும் சேர்த்து அனுப்புங்கள்.