ஜெர்மனியில் வீடு கிடைத்ததும் கீழ்வீட்டு மணியை அடியுங்கள்

அலுவலக வேலைகளுக்குப் பயப்பட வேண்டாம். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் தேவை. வீட்டில் டிவி இல்லாவிட்டாலும் ஒளிபரப்புக் கட்டணம் மாதம் 18.36 யூரோ உண்டு. இதெல்லாம் எப்படியும் நடந்துவிடும்.

அக்கம்பக்கம்தான் முக்கியம். வாடகை ஒப்பந்தத்தோடு 'ஹவுஸ்ஓர்ட்னுங்' என்று வீட்டு விதிகள் தருவார்கள். ஒரு வரி விடாமல் படியுங்கள். பொதுவாக இரவு 10 முதல் காலை 6 வரை சத்தம் கூடாது. ஞாயிறும் அரசு விடுமுறையும் நாள் முழுக்க அப்படித்தான். சுவரில் ட்ரில் போடக்கூடாது, காலி பாட்டில்களைத் தெருத் தொட்டியில் போடவும் கூடாது. ஞாயிறு ஓய்வு இவர்கள் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 1919-ல் எழுதிய வரி, இன்றும் செல்லும்.

என் நண்பர் மாட்டிக்கொண்டது ஞாயிறு காலை மாவாட்டியதால். கிரைண்டர் வெறும் மரத்தரையில் இருந்தது. நம் காதுக்கு அது சத்தமே இல்லை, ஆனால் அதிர்வு கீழ்வீட்டுக் கூரையில் உறுமியிருக்கிறது. அங்கிருந்த பெரியம்மா மேலே வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேதி, நேரம் எல்லாம் எழுதி வைத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டார். 'ஆப்மானுங்' என்ற எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதற்குப் பிறகும் தொடர்ந்தால் வீட்டையே காலி செய்யச் சொல்லலாம். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. கதவைத் தட்டிச் சொல்லியிருந்தால் அன்றே நிறுத்தியிருப்பாரே!

ஆனால் அந்த அம்மாவுக்கு இவர் யாரென்றே தெரியாது. ஊரில் புதிதாகக் குடிவந்தால் எதிர்வீட்டார் தாமாக வந்து எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரிப்பார்கள். இங்கே வந்தவர்தான் போய் மணியடிக்க வேண்டும்.

முதல் வாரத்திலேயே மேலே, கீழே, எதிரே போய்வாருங்கள். வாசலிலேயே நின்று பெயரும் மாடியும் சொன்னால் போதும். கைக்குழந்தை இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அவர்கள் பெயர் அழைப்புமணிப் பலகையில் இருக்கும், பெண்ணென்றால் 'ஃப்ராவ்', ஆணென்றால் 'ஹெர்' சேர்த்தே கூப்பிடுங்கள். படிக்கட்டில் யாரைப் பார்த்தாலும் 'ஹலோ' சொல்லாமல் போகாதீர்கள். வீட்டில் விசேஷமா? சில நாள் முன்பே உங்கள் போன் நம்பரோடு கீழ்வாசலில் ஒரு தாள் ஒட்டுங்கள். ஒட்டிவிட்டோமே என்று 10 மணிக்கு மேல் பாட்டு வைக்க முடியாது.

அப்புறம், மாவாட்டுவதைச் சனிக்கிழமைப் பகலுக்கு மாற்றி, கிரைண்டருக்கு அடியில் தடித்த ரப்பர் பாய் போடுங்கள். பக்கத்து வீட்டுப் பார்சலை உங்களிடம் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிவைத்து, அன்று சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுங்கள். நண்பருக்கும் அந்தப் பெரியம்மாவுக்கும் பேச்சுவார்த்தை தொடங்கியது அப்படி ஒரு பார்சலில்தான்.