கயோலின் சுத்திகரிப்பு: வெண்மையைக் கெடுக்கும் தவறுகள்

கயோலின் என்ற வெள்ளைக் களிமண் மஞ்சளடித்தால் உடனே வெளுப்பு ரசாயனத்தைக் கூட்டுவதுதான் இந்தத் தொழிலில் அதிகம் நடக்கும் தவறு. கயோலினில் இருக்கும் இரும்பு எல்லாம் ஒரே வகை அல்ல. துகளின் மேல் படிந்த ஹேமடைட், கோதைட் போன்ற இரும்பு ஆக்சைடு கனிமங்களை சோடியம் டைதயோனைட் என்ற வெளுப்பு ரசாயனம் கரைக்கும். பைரைட் என்ற இரும்பு சல்பைடை அது அசைக்காது. கயோலினின் முக்கியக் கனிமமான கயோலினைட்டின் படிகத்துக்குள் அலுமினியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்ட இரும்பும் வெளுப்புக்கு வராது. நிறத்துக்குக் காரணம் அனடேஸ் என்ற டைட்டானியம் கனிமமாக இருந்தால் காந்தப் பிரிப்பு, நுரை மிதப்பு (துகளை நுரையில் ஒட்ட வைத்து மிதக்கவிட்டுப் பிரிப்பது) போன்ற முறைகள்தான் வழி. எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ்-கதிர் ஒளிர்வு) சோதனை மொத்த இரும்பின் அளவை மட்டுமே சொல்லும். அது எந்தக் கனிமத்தில் இருக்கிறது என்பதற்கு எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல்) சோதனை வேண்டும். இரண்டையும் பார்த்துவிட்டு, பீக்கரில் ஒரு வெளுப்புச் சோதனையும் செய்த பிறகு முறையை முடிவு செய்யுங்கள்.

மண்ணை நன்றாகக் கரைக்காமலே சல்லடைக்கு அனுப்புவது அடுத்த தவறு. கட்டியாக நிற்கும் களி அழுக்கையும் உள்ளே பிடித்து வைத்திருக்கும். பின்னால் வரும் எந்தக் கருவியாலும் அதைப் பிரிக்க முடியாது. களித் துகள்களைப் பிரித்து வைக்கும் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் அல்லது சோடியம் சிலிகேட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, குழம்பின் பாகுத்தன்மையை ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள். பாகுத்தன்மை மிகக் குறையும் இடம்தான் சரியான அளவு. அதைத் தாண்டினால் குழம்பு மறுபடி கெட்டியாகும்.

சீக்கிரம் கரையட்டும் என்று மண்ணை பால் மில் என்ற, குண்டுகள் உருளும் அரவை இயந்திரத்தில் போட்டு அரைக்காதீர்கள். 45 மைக்ரான் சல்லடையில் நின்றிருக்க வேண்டிய குவார்ட்ஸ் பொடியாகி, களியோடு சேர்ந்து போய்விடும். மைக்கா தட்டையாக இருப்பதால் மெதுவாகவே படியும். குழம்பைச் சுழற்றி மணலைக் கீழேயும் நுண்களியை மேலேயும் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோனின் மேல்வழியில் நல்ல களியோடு கலந்து வரும். அந்தக் கருவியின் கீழ்முனை தேய்ந்து அகன்றுவிட்டால் களியும் மணலோடு வெளியேறும். அந்த முனையை அடிக்கடி அளந்து மாற்றுங்கள்.

காந்தப் பிரிப்பானில் அழுக்கைப் பிடிக்கும் எஃகுக் கம்பிளி நிறைந்த பிறகும் குழம்பை ஓட்டினால், அழுக்குத் துகள்கள் பிடிபடாமல் நழுவிவிடும். காந்தத்தை அணைத்து, தண்ணீர் பாய்ச்சிக் கழுவிய பிறகே அடுத்த சுற்று.

வெளுப்பில் கந்தக அமிலத்தால் பிஎச் அளவை 3-ஐ ஒட்டி வைத்திருங்கள். இன்னும் இறக்கினால் டைதயோனைட் வேலை செய்யும் முன்பே சிதைந்து கந்தக டைஆக்சைடு வாயுவாகக் கிளம்பும். சுழி விழும்படி வேகமாகக் கலக்குவதும் கேடு: உள்ளே போகும் காற்று ரசாயனத்தைத் தின்றுவிடும். டைதயோனைட் பொடியில் ஈரம் பட்டால் சூடேறித் தீப்பிடிக்கும் என்பதால் உலர்ந்த இடத்தில் மூடியே வையுங்கள். அமிலம் ஓடும் தொட்டிக்கும் குழாய்க்கும் ரப்பர் உறை இல்லையென்றால், நீக்கிய இரும்பைக் குழாயே திருப்பிக் கொடுத்துவிடும்.

வெளுத்த குழம்பை வடிகட்டாமல் போட்டு வைப்பதுதான் எல்லாவற்றிலும் வருத்தமான இழப்பு. கரைந்த இரும்பு தண்ணீரில்தான் நிற்கிறது; காற்று பட்டால் மறுபடி ஆக்சைடாகி களியிலேயே படியும். உடனே ஃபில்டர் பிரஸ் என்ற அழுத்த வடிகட்டியில் ஏற்றி, இரும்பில்லாத தண்ணீரால் கழுவுங்கள்.

பீங்கானுக்குப் போகும் களி என்றால், உலர்ந்த பொடியின் வெண்மையை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு வில்லையைச் சூளையின் வெப்பநிலையிலேயே சுட்டுப் பாருங்கள். பொடியில் தெரியாத கரும்புள்ளிகள் அதில் தெரியும்.