சீட்டுக்கட்டு இல்லாமல் சீட்டாட: போக்கர் பகடை ஆடும் முறை

கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் மாலைக் காற்று எழுந்துவிட்டால் விரித்த சீட்டு ஒன்றுகூட நிற்காது. அங்கே அமர்ந்து ஆட ஐந்து போக்கர் பகடைகள் போதும். ஒவ்வொன்றின் ஆறு முகங்களிலும் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, 10, 9 ஆகியவை இருக்கும். அவை கிடைக்காவிட்டால், சாதாரணப் பகடையில் 1-ஐ ஏஸ் எனவும், 6 முதல் 2 வரையுள்ளவற்றை முறையே ராஜா முதல் 9 வரை எனவும் கொள்ளலாம்.

மணலில் பகடை சாய்ந்து நின்று வாக்குவாதத்தை வளர்க்கும் என்பதால், ஒரு தாம்பாளத்தைச் சமமாகப் பதித்து, எவர்சில்வர் டம்ளரில் பகடைகளைக் குலுக்கி அதில் கவிழ்க்கவும். முதல் வீச்சில் வேண்டியவற்றை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை மேலும் இரண்டு முறை வரை வீசலாம்.

ஐந்தும் ஒன்றாக விழுவதே முதன்மை. அதன்பின் நான்கு ஒன்றாக, மூன்றும் ஜோடியும் (மூன்று ஒன்றாக, மற்ற இரண்டு ஒன்றாக), வரிசை (ஐந்தும் அடுத்தடுத்த மதிப்பில்), மூன்று மட்டும் ஒன்றாக, இரண்டு ஜோடி, ஒரு ஜோடி என இறங்கும். ஒரே வீச்சில் அமையக்கூடிய 7,776 விதங்களில் வரிசை 240, மூன்றும் ஜோடியும் 300. அரிதான வரிசையை மேலே வைப்பதே நியாயம் என்பது என் கருத்து, ஆகவே இதை ஆட்டத்துக்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

இரண்டு ராஜா, இரண்டு 9, ஒரு ஜாக்கி விழுந்தால் ஜாக்கியை மட்டும் வீசுங்கள்; மீதமுள்ள இரு வீச்சுகளில் மூன்றும் ஜோடியும் அமையும் வாய்ப்பு ஒன்பதில் ஐந்து. பணம் வேண்டாம், புளியங்கொட்டையை வைத்தே கணக்கிடலாம்.