கருவாட்டு லேபிளுக்குச் செப்புத்தகட்டு எழுத்து: இங்க்ஸ்கேப்பில் செய்வது எப்படி?

பாம்பனில் அக்கா கருவாடு பாக்கெட் போட்டு விற்கிறாள். "பாம்பன் நெத்திலி" என்ற பெயர், அந்தக் காலத்துச் செப்புத்தகட்டில் செதுக்கியதுபோல லேபிளில் வர வேண்டும் என்றாள். ஆங்கிலத்துக்கு இந்தத் தோற்றத்தில் எழுத்துருக்கள் நிறைய உண்டு. 1922-ல் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் வெளியிட்ட கௌடி ஹேண்ட்டூல்டு அதில் ஒன்று. தடித்த கோடுகளுக்குள் வெள்ளைக் கீற்று ஓடும். ஆனால் இவற்றில் தமிழ் எழுத்துகள் இல்லை. தமிழில் தட்டினால் கணினி வேறு எழுத்துருவைக் கொண்டுவந்து வைத்துவிடும். அதனால் இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் நாமே செதுக்குவோம்.

முதலில் நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை எடுங்கள், அதில் மிகத் தடித்த 'பிளாக்' வகை. மெல்லிய எழுத்துரு வேண்டாம், உள்ளே கோடு போட இடம் இருக்காது. பெயரைத் தட்டி, 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து, அன்குரூப் செய்து, எல்லாவற்றையும் 'கம்பைன்' செய்யுங்கள். அப்புறம் 'லிங்க்டு ஆஃப்செட்' கொடுத்தால் கருப்பு எழுத்தின் மேல் அதன் நகல் ஒன்று வரும்; அதன் ஓரத்தை 0.4 மி.மீ. உள்ளே இழுத்து, வெள்ளை நிறம் கொடுங்கள். உருவையே நேராகச் சுருக்கிவிடும் 'இன்செட்'டைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். எப்போது வேண்டுமானாலும் கூட்டிக் குறைக்கலாம்.

இனி உள்கோடுகள். செதுக்குபவர்களுக்குச் சாம்பல் நிறம் கிடையாது. உளியால் நெருக்கமாகக் கீறிய கோடுகள்தான் அவர்களுக்கு நிழல். இந்த இடத்தில்தான் நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். பெரிய அளவில் வரைந்து லேபிள் அளவுக்குச் சுருக்கினேன். அச்சில் கோடெல்லாம் ஒட்டிக் கருப்பாக வந்தது. சுருக்கும்போது கோட்டின் தடிமனும் சேர்ந்து சுருங்க ஒரு அமைப்பு உண்டு. அது என் கணினியில் அணைந்திருந்தது. எழுத்து சுருங்கியது, கோடு சுருங்கவில்லை.

அதனால் கோடே வரையாதீர்கள். 0.2 மி.மீ. உயரமுள்ள நீளமான செவ்வகம் ஒன்றை வரையுங்கள், வெளிக்கோடு இல்லாமல். எப்படிச் சுருக்கினாலும் விகிதம் மாறாது. 'டைல்டு குளோன்ஸ்' போய் ஒரு நெடுவரிசை, 30 வரிசை, 'ஷிஃப்ட் ஒய்' 150% கொடுத்தால் கோடுகளுக்கு நடுவே 0.3 மி.மீ. இடைவெளி விழும். எல்லாவற்றையும் குரூப் செய்து, வெள்ளை உருவின் நகல் ஒன்றை மேலே வைத்து 'செட் கிளிப்' கொடுங்கள். லேபிளின் உண்மையான அளவிலேயே வேலை செய்வது இன்னும் நல்லது.

ம், ன், த் எழுத்துகளின் புள்ளிக்குள் மட்டும் கோடு வேண்டாம். அவ்வளவு சிறிய வட்டத்தில் அது அழுக்குபோலத் தெரியும். முழுக் கருப்பாகவே விடுங்கள்.

பின்சேர்க்கை: தொண்டியிலிருந்து ஒருவர், எழுத்துருவை மாற்றியதும் தமிழெல்லாம் ஆங்கில எழுத்துகளாகிவிட்டன என்று எழுதியிருந்தார். அச்சகத்தில் வாங்கிய அந்தக் கோப்பு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியது. என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற மென்பொருளில் யூனிகோடாக மாற்றிவிட்டு முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.