இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வேகமான நீளக் காரை மதுரையில் வாங்குவது எப்படி?

நீளக் கார் என்று நான் சொல்வது ஸ்டேஷன் வேகன் அல்லது எஸ்டேட் கார், அதாவது கூரை பின்பக்கம் வரை நேராக ஓடி ஒரே பெரிய கதவில் முடியும் கார். உயரம் சாதாரண காரின் உயரம்தான். அதனால் திருமங்கலம் நான்கு வழிச் சாலையில் தரையைப் பிடித்து ஓடும். ஊரிலிருந்து திரும்பும்போது இரண்டு அரிசி மூட்டை, ஒரு தேங்காய்ச் சாக்கு, குழந்தையின் சைக்கிள் எல்லாம் பின்னால் போகும். வேகமும் இடமும் ஒன்றாகக் கிடைப்பதால்தான் எனக்கு இந்த வகைக் கார் மேல் இத்தனை ஆசை.

நம் நாட்டில் இந்த வகைக் கார்கள் அதிகம் விற்றதில்லை. 1992-ல் டாடா எஸ்டேட் வந்தது. பிறகு பலேனோ அல்டுரா, கோர்சா ஸ்விங், இண்டிகோ மெரினா வந்தன. எல்லாமே பயனுள்ள வண்டிகள், ஆனால் வேகத்துக்காக யாரும் வாங்கியதில்லை. உச்சியில் 2015-ல் ஆடி ஆர்.எஸ்.6 அவாண்ட் வந்தது, விலை ஒரு கோடிக்கு மேல். நடுவில், நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது பழைய ஸ்கோடா ஆக்டேவியா. அதன் எஸ்டேட் வடிவத்துக்கு காம்பி என்று பெயர். ஆக்டேவியாவின் வேக வடிவமான ஆர்.எஸ். 2004-ல் இங்கே வந்தது. 1.8 லிட்டர் டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் விசிறி) பெட்ரோல் எஞ்சின், 150 குதிரைத்திறன், 210 நியூட்டன் மீட்டர் இழுவிசை.

நான் தேடியது காம்பி. வாங்கியது ஆர்.எஸ். பார்க்க செடான் மாதிரி இருந்தாலும் ஆர்.எஸ்.ஸில் பின் கண்ணாடியோடு சேர்ந்து கதவு முழுதும் மேலே திறக்கும். டிக்கியில் 528 லிட்டர் இடம். காம்பியில் 548 லிட்டர். சீட்டை மடக்கினால் காம்பிதான் நன்றாக முந்தும், ஆனால் என் வீட்டுச் சாமானுக்கு ஆர்.எஸ். போதும். கீழே எழுதுவது பெரும்பாலும் இரண்டுக்கும் பொருந்தும். முதன்முறை பழைய கார் வாங்குபவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

படி 1: பணத்தை இரண்டாகப் பிரியுங்கள்

கையில் இருக்கும் பணம் முழுவதையும் கார் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு ரூபாய் இருந்தால் 60 காசுக்குக் கார், 40 காசு முதல் வருட வேலைக்கு. 20 வயதுக் காருக்கு இந்தக் கணக்கு அதிகமில்லை. டைமிங் பெல்ட், கிளட்ச், டயர், சஸ்பென்ஷன் புஷ், ஏ.சி. கம்ப்ரஷர் என்று ஒவ்வொன்றாக வரும். அந்த 40 காசு இல்லாதவர்கள் இன்னும் ஆறு மாதம் சேர்த்துவிட்டுத் தேடலாம். கார் எங்கும் ஓடிவிடாது.

படி 2: மெக்கானிக்கை முதலில் பிடியுங்கள், காரை அப்புறம்

இதைப் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். டர்போ பெட்ரோல் எஞ்சினைத் திறந்து பழகியவரா, அந்தக் காருக்கான ஸ்கேனர் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். பைபாஸ் ரோட்டிலும் ரிங் ரோட்டு ஓரத்திலும் ஒர்க் ஷாப்கள் நிறைய உண்டு. இந்தக் காரில் கை வைத்தவர்கள் அவர்களில் சிலர்தான். உதிரிபாகம் கோயம்புத்தூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ பார்சலில் வரும். பழைய பாகம் வேண்டுமென்றால் சென்னை புதுப்பேட்டை. இதே எஞ்சின் குடும்பம் ஆடி, ஃபோக்ஸ்வாகன் கார்களிலும் இருந்ததால் எஞ்சின் சாமான் கிடைப்பது பெரிய சிரமமில்லை. கதவு பீடிங், விளக்கு, உள் பிளாஸ்டிக் போன்ற உடல் பாகங்களுக்குத்தான் அலைய வேண்டும். அதனால் விளக்கும் பம்பரும் முழுதாக இருக்கும் காருக்கு சற்றுக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

படி 3: மீட்டரை நம்பாதீர்கள், ரசீதை நம்புங்கள்

நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். 2,20,000 கிலோமீட்டர் ஓடி, அத்தனைக்கும் ரசீது இருக்கும் காரை, 85,000 என்று மீட்டர் காட்டி ஒரு தாளும் இல்லாத காருக்கு முன்னால் வைப்பேன்.

இதற்கு முன் நான் வாங்கிய ஒரு காரில் மீட்டர் 78,000 காட்டியது. மூன்று மாதம் கழித்து டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு பழைய ஆயில் சர்வீஸ் அட்டை கிடைத்தது. அதில் 1,41,000 என்று எழுதி, அதற்கு இரண்டு வருடம் முந்தைய தேதி போட்டிருந்தது. விற்றவர் போனை எடுக்கவே இல்லை. மீட்டரைக் குறைத்ததை விட, அந்த எண்ணை நம்பி, அறுந்தால் எஞ்சினையே கெடுக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருந்தேனே, அதுதான் இன்றும் நெஞ்சில் குத்துகிறது.

ஆகவே காருக்குள் உட்கார்ந்ததும் மீட்டரைப் பார்க்காதீர்கள். கிளட்ச் பெடலின் ரப்பரைப் பாருங்கள். ஸ்டீயரிங்கின் மேற்பகுதி வழவழவென்று தேய்ந்திருக்கிறதா, டிரைவர் சீட்டின் வெளிவிளிம்பு நசுங்கியிருக்கிறதா, கியர் குமிழில் எழுத்து அழிந்திருக்கிறதா என்று பாருங்கள். 80,000 ஓடிய காரில் இவை இவ்வளவு தேயாது. பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் அதுவும் ஒரு பதில்தான். பிறகு சர்வீஸ் ரசீதுகளைத் தேதி வரிசையில் அடுக்கி, கிலோமீட்டர் ஒழுங்காக ஏறுகிறதா என்று பாருங்கள்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. நான்கு டயரிலும் வெவ்வேறு கம்பெனி, வெவ்வேறு வருடம் என்றால், போன ஓனர் பஞ்சர் ஆனபோது மட்டும் செலவு செய்தவர் என்று எடுத்துக்கொள்ளலாம்.

படி 4: காலை ஆறரை மணிக்குப் போங்கள்

எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதுதான் தன் நோயைச் சொல்லும். விற்பவரிடம் முதல் நாளே, "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லிவையுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். மதுரை வெயிலில் பத்து மணிக்குப் போனால் நிறுத்திவைத்த காரின் பானெட்டும் சுடும், எஞ்சின் ஓடியதா இல்லையா என்று தெரியாது. விடியற்காலைதான் சரி.

ஸ்டார்ட் செய்யும்போது நண்பர் ஒருவரைப் பின்னால் நிற்க வையுங்கள். குளிர்ந்த எஞ்சினில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வால்வு சீலாக இருக்கலாம், டர்போவாகவும் இருக்கலாம். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, கூலண்ட் அளவும் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். எஞ்சின் நொண்டினால் பெரும்பாலும் இக்னிஷன் காயில். இந்த எஞ்சினில் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு காயில் உண்டு, அவை போவது ஊரறிந்த விஷயம். அதற்காகக் காரை விட வேண்டாம், விலையைக் குறைத்துப் பேசுங்கள்.

டைமிங் பெல்ட் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் இடிக்கும், வால்வுகள் வளையும், ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். பெல்ட்டோடு டென்ஷனரையும் வாட்டர் பம்ப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும், ஏனென்றால் பம்ப்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான். சில பம்ப்களின் உள் சக்கரம் பிளாஸ்டிக்கில் இருக்கும், வயதானால் உடையும். "போன வருஷம்தான் மாத்தினோம்" என்று வாயால் சொன்னால் போதாது. ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்று வைத்து விலை பேசுங்கள். வாங்கிய முதல் வாரத்தில் நீங்களே மாற்றிவிடுங்கள்.

பெட்ரோல் ஹோஸ்களையும் தடவிப் பாருங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். அந்தக் காலத்துக் கார் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ரப்பர் வெடித்திருந்தாலோ பெட்ரோல் வாடை வந்தாலோ உடனே மாற்ற வேண்டும்.

படி 5: லிஃப்டில் ஏற்றாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

நான் வாங்கிய காரை லிஃப்டில் ஏற்றியதும் எங்கள் மெக்கானிக் முதலில் பார்த்தது எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப்பைத்தான். "தம்பி, இங்க பாருங்க, அடி வாங்கியிருக்கு" என்றார். "அண்ணே, ஆயில் கசியலையே?" என்றேன். கசிவு மட்டும் பிரச்சினையில்லை என்று அவர் விளக்கினார். ஆயிலை உறிஞ்சும் குழாய் சம்ப்பின் அடிக்கு மிக அருகில் இருக்கிறது. உயரமான வேகத்தடையில் அடிபட்டு சம்ப் உள்ளே ஒடுங்கினால் குழாயின் வாய் அடைபடும், ஆயில் மேலே போகாது, முதலில் சாவது டர்போ. தரமற்ற ஆயில் ஊற்றிய காரில் அந்தக் குழாயின் வலையில் கறுப்புக் கசடும் சேரும். நாங்கள் சம்ப்பை மாற்றும் செலவைக் கணக்கிட்டு விலையிலிருந்து கழித்தோம்.

சஸ்பென்ஷன் புஷ், லிங்க் ராடு, டிரைவ் ஷாஃப்ட் பூட் எல்லாம் நம் ஊர்ச் சாலையில் தேயும் பொருள்கள், விலையும் பெரிதில்லை. துரு, வெல்டிங் தழும்பு, வளைந்த சேசிஸ் இருந்தால் மட்டும் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு வாருங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய காரா என்றும் பார்க்க வேண்டும். 2015-ல் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் எத்தனையோ கார்கள் நீரில் நின்றன. டிக்கி விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னி குழியில் விரலை விட்டுத் தடவுங்கள். மண் படிவு இருக்கிறதா? சீட் தண்டவாளத்தில் துரு, சீட் பெல்ட்டை முழுதாக இழுத்தால் அடியில் சேற்றுக் கறை, ஏ.சி. போட்டதும் புழுங்கல் வாடை. இவற்றில் இரண்டு இருந்தாலே நான் வாங்க மாட்டேன். இந்த வகைக் காரில் பின்கதவு ரப்பர் வழியாக மழை நீர் இறங்கியும் குழி ஈரமாகலாம். அப்போது மண் இருக்காது, ஈரம் மட்டும் இருக்கும்.

பின்கதவைத் திறந்துவிட்டுக் கையை எடுங்கள். தானாக நின்றால் கேஸ் ஸ்ட்ரட் நன்றாக இருக்கிறது. ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவுகளில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி அப்பியிருக்கிறது.

படி 6: நெரிசலில் அரை மணி, நெடுஞ்சாலையில் அரை மணி

முதலில் கோரிப்பாளையம், சிம்மக்கல் பக்கம் ஏ.சி. போட்டபடி ஓட்டுங்கள். சூடேறிய பிறகு வெப்பமானி முள் 90 டிகிரியில் அசையாமல் நிற்க வேண்டும். நெரிசலில் ஏறினால் ரேடியேட்டர் விசிறியைப் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலையில் முள் 90-க்குக் கீழே இறங்கினால், கூலண்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது, சின்னச் செலவு.

பிறகு ரிங் ரோடு. நான்காவது கியரில், எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். இந்த எஞ்சினின் இழுவிசை 1,750 சுற்றிலேயே உச்சத்தைத் தொடும், ஆகவே முதுகைச் சீட்டோடு அழுத்தும் அந்தத் தள்ளல் தாமதமின்றி வர வேண்டும். சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. புஸ்ஸென்று காற்றுச் சத்தத்தோடு சோம்பலாக இழுத்தால் டர்போ ஹோஸ் எங்கோ கிழிந்திருக்கிறது. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது டக் டக் சத்தம் வந்தால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட்.

ஆர்வலர் ஓட்டிய காராக இருந்தால் ஒன்றைத் தயங்காமல் கேளுங்கள்: கூடுதல் சக்திக்காக எஞ்சின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றி ரீமேப் செய்திருக்கிறார்களா? கூடுதல் சக்தி ஓட்டும்போது இனிக்கும். அதைத் தாங்கியது அதே பழைய கிளட்ச்சும் அதே சின்ன டர்போவும்தான் என்பதை விலையில் காட்டுங்கள்.

படி 7: ஆர்.சி. புத்தகம்

எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவுச் செல்லுபடி, இன்சூரன்ஸ், கடன் இருக்கிறதா என்பது தெரியும். அபராதம் பாக்கி இருக்கிறதா என்று இ-சலான் தளத்தில் பாருங்கள். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யோடு பொருந்துகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

சொந்த உபயோகக் காரின் பதிவு 15 வருடம். அதன்பின் 5 வருடத்துக்கு ஒருமுறை காரை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 15 வருடம் தாண்டிய காருக்கு 5,000 ரூபாய் கட்டணம். 2025 ஆகஸ்டு அறிவிப்புப்படி 20 வருடம் தாண்டினால் 10,000. பசுமை வரி தனி. நாம் பேசுகிற கார்கள் பெரும்பாலும் இந்த வயதில்தான் இருக்கின்றன. புதுப்பித்துத் தருவது யார் பொறுப்பு என்று பேரத்திலேயே முடிவாகட்டும். என் விருப்பம், விற்பவரே புதுப்பித்த பின் வாங்குவது.

டி.என். 58, 59, 64 மதுரை எண்கள் என்றால் வேலை எளிது. பி.ஒய். 01 என்று புதுச்சேரி எண்ணோடு நல்ல கார் வந்தால், படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வேண்டும், இங்கே சாலை வரியும் கட்ட வேண்டும். அந்தத் தொகையைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே விலை பேசுங்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30. கடன் இருந்து அடைத்திருந்தால் படிவம் 35-ம் வங்கிச் சான்றும். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

படி 8: முதல் வாரம்

சாவி கைக்கு வந்ததும் சிறுமலை ஏறத் தோன்றும். 18 கொண்டை ஊசி வளைவுகளும் இந்தக் காருக்கென்றே போட்டவை போலிருக்கும். ஒரு வாரம் பொறுங்கள். டைமிங் பெல்ட் செட், வாட்டர் பம்ப், முழு சிந்தெடிக் ஆயில், எல்லா ஃபில்டர், கூலண்ட், பிரேக் ஆயில். சம்ப்பைக் கழற்றி உறிஞ்சு குழாயின் வலையையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். வேகமாக ஓட்டி முடித்தால் உடனே அணைக்காமல், கடைசி இரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி டர்போவை ஆறவிடுங்கள்.

நான் எட்டாவது நாள் காலை சிறுமலைக்குக் கிளம்பினேன். பின்னால் சீட்டை மடக்கி, இரண்டு வாழைத்தாருக்கு இடம் விட்டுத்தான் போனேன்.